ஜாவா மொழியில் தீன் சொன்ன பெரியார் ஷெய்கு ஸாலிஹ் தாரத் (ரஹ்)



கீழக்கரை, காயல்பட்டணம், நாகூர் முதலிய ஊர்களில் தோன்றிய ஆலிம்களின் சரித்திரத்தை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் நம்மோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழும் ஜாவா மக்களிடையே தோன்றிய பெரியார்களைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கடை வைத்துப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஜாவா என்றதும் பெக்கலோங்கான் பாத்தேக் கைலிதான் நினைவுக்கு வரும். இந்த ஜார்ஜ் டவுனிலேயே கம்போங் ஜாவா என்று பெயர் பூண்ட தெருக்கள் இருக்கின்றன. அந்தத் தெருக்களில் நடந்து போகிறோம், வருகிறோம். அந்தப் பெயருக்குரிய மக்கள் எவர், அவர்கள் மொழி என்ன, அந்த மொழியில் அவர்கள் தீனை எப்படிக் கற்றார்கள் என்று நாம் விசாரித்ததில்லை.

ஆகையால் இம்முறை ஜாவா நாட்டு ஆலிம் ஒருவரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதுகிறோம். அன்னாரின் பெயர் முஹம்மது ஸாலிஹ் இப்னு உமர். ஸமாராங் நகரத்தில் தாரத் என்னும் இடத்தில் வாழ்ந்தபடியால் ‘கியாய் ஸாலிஹ் தாரத்’ என்றே உலகம் அவர்களை அறியும். கியாய் என்றால் ஜாவா மொழியில் ஆலிமுக்குச் சொல்லும் மரியாதைப் பெயர். அவர்கள் தமிழர் அல்லர். ஆயினும் அவர்கள் செய்த காரியம் நம் முன்னோர் அரபுத்தமிழில் செய்த காரியத்துக்கு உடன்பிறந்தது போன்றது.

ஜாவா மொழி

முதலில் அந்த மொழியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜாவா மொழியும் மலாய் மொழியும் ஒன்றே என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. இரண்டும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது மெய். ஆனால் தமிழ் மட்டும் அறிந்தவருக்குக் கன்னடம் விளங்காதது போல, மலாய் மட்டும் அறிந்தவருக்கு ஜாவா மொழி விளங்காது. ஜாவா மொழியை வீட்டில் பேசுவோர் ஏழெட்டுக் கோடி பேர் இருப்பார்கள். ஏறக்குறைய நம் தமிழ் பேசுவோரின் தொகைக்குச் சமமான கூட்டம்.

அம்மொழியில் மரியாதைக்குத் தக்கபடி சொற்களே மாறிவிடும். தோழனோடும் தம்பியோடும் பேசுவது ‘ஙோக்கோ’. பெரியவர்களிடமும் அறியாதவர்களிடமும் பேசுவது ‘க்ரமா’. இவை இரண்டுக்கும் நடுவில் ‘மத்யா’ என்று ஒன்று. சாப்பிடுவது என்ற ஒரே செயலுக்குத் தோழனிடம் ‘மங்ஙான்’ என்பார்கள். பணிவாகப் பேசும்போது ‘நெடா’ என்பார்கள். உயர்ந்தவர் சாப்பிடுவதைச் சொல்லும்போது ‘டஹார்’ என்பார்கள். நாம் நீ, நீர், நீங்கள் என்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். அவர்கள் வாக்கியம் முழுவதையும் மாற்றிப் பேசுகிறார்கள்.

அவர்களுடைய பழைய எழுத்து 20 எழுத்துக்களைக் கொண்டது. பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து சென்ற எழுத்தே அதற்கு மூலம் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். நம் சோழமண்டலக் கரைக்கும் ஜாவாவுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு பழமையானது. இஸ்லாம் பரவிய பின்னரும் அத்தொடர்பு வேறு வகையில் தொடர்ந்தது. யூத அறிஞர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டு இஸ்லாமானார் என்ற வரலாறு அரபியிலிருந்து பல மொழிகளுக்குச் சென்றது. தமிழில் அதை வண்ணப்பரிமளப் புலவர் 1572-இல் ‘ஆயிர மசலா’ என்று பாடினார். ஜாவா மொழியில் அதே வரலாறு ‘ஸமூத்’ என்ற பெயரால் வழங்குகிறது. ஒரே கிணற்றில் இருவரும் நீர் இறைத்திருக்கிறோம்.

பிறப்பும் இளமையும்

ஸாலிஹ் தாரத் அவர்கள் 1820-ஆம் ஆண்டளவில், ஜாவாவின் வட கரையில் ஜெப்பாரா பகுதியிலுள்ள மாயோங் என்னும் ஊரையடுத்த சிற்றூரில் பிறந்தார்கள். அந்த ஜெப்பாரா பகுதியிலேயே ‘கெலிங்’ என்ற பெயருடைய ஓர் ஊரும் இருக்கிறது என்பதைக் கேட்டால் நம் சாலையில் இருப்போருக்கு வியப்பாக இருக்கும்.

தகப்பனார் கியாய் உமர் அவர்களும் ஓர் ஆலிமே. 1825 முதல் 1830 வரை டச்சுக்காரரை எதிர்த்து இளவரசர் திப்போநெகோரோ நடத்திய போரில் அவர் பக்கம் நின்ற கரையோர ஆலிம்களில் கியாய் உமரும் ஒருவர் என்று அவர்கள் சரித்திரம் எழுதியோர் கூறுகிறார்கள். அப்போரில் ஜாவா மக்கள் பெருவாரியாக மாண்டார்கள். 1830-இல் இளவரசர் பேச்சுவார்த்தைக்கென்று அழைக்கப்பட்ட இடத்தில் சிறைபிடிக்கப்பட்டுத் தீவாந்தரம் அனுப்பப்பட்டார். அப்போது ஸாலிஹ் அவர்களுக்கு வயது பத்து இருக்கும். ஆகவே தோற்றுப்போன ஒரு சமூகத்தின் பிள்ளையாக அவர்கள் வளர்ந்தார்கள். வாளால் இனி ஆகாது, கிதாபைக் கொண்டுதான் மக்களைக் காக்க வேண்டும் என்று அக்காலத்து ஆலிம்கள் பலர் கிராமங்களுக்குத் திரும்பி மாணவர்களைச் சேர்த்தார்கள்.

பிள்ளை ஸாலிஹ் தகப்பனாரிடம் குர்ஆன் ஓதினார்கள். பின்னர் பாத்தி, கூடூஸ், ஸமாராங் ஆகிய ஊர்களில் பல உஸ்தாதுகளைத் தேடிச் சென்றார்கள். பாத்தியில் கியாய் ஷஹீத் அவர்களிடம் ஃபத்ஹுல் கரீப், ஃபத்ஹுல் முயீன் ஆகிய ஷாஃபி மத்ஹபு கிதாபுகளையும், கூடூஸில் கியாய் ஸாலிஹ் அவர்களிடம் தஃப்சீர் ஜலாலைனையும் ஓதினார்கள். இந்தப் பெயர்களைக் கேட்டதும் நம் தமிழ்நாட்டு மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு நெஞ்சம் மலரும். அதே கிதாபுகள்தாமே நம் நாட்டிலும் ஓதப்பட்டன! கடல் நடுவே கிடந்தாலும் பாடம் ஒன்றாகவே இருந்தது.

மக்காவில்

அதன் பிறகு தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து மக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அக்காலத்தில் ஜாவா மக்களின் ஹஜ்ஜுப் பயணத்துக்குச் சிங்கப்பூர் பெரிய வாசலாக இருந்தது. டச்சு அரசாங்கம் ஹாஜிகளுக்கு விதித்த கட்டுப்பாடுகளிலிருந்து தப்புவதற்கும் பலர் அந்த வழியைப் பிடித்தார்கள். வடக்கே இருந்தவர்களுக்கு நம் பினாங்கின் ஆச்சே தெரு எப்படியோ, ஜாவாக்காரர்களுக்குச் சிங்கப்பூர் அப்படி.

ஹஜ்ஜை நிறைவேற்றிய பின் தகப்பனார் மக்காவிலேயே வஃபாத்தானார்கள். மகன் ஊர் திரும்பவில்லை. தங்கி ஓத முடிவு செய்தார்கள். ஷாஃபி முஃப்தியாக விளங்கிய ஷெய்கு அஹ்மது ஸைனீ தஹ்லான், ஷெய்கு முஹம்மது ஸுலைமான் ஹஸபுல்லாஹ் முதலிய பெரிய உஸ்தாதுகளிடம் பல்லாண்டுகள் கல்வி கற்று, தாமே பாடம் சொல்லிக் கொடுக்கும் இஜாஸத்தும் பெற்றார்கள். நம் தீவுகளிலிருந்து வருவோர் அனைவரையும் அரபிகள் ‘ஜாவா’ என்றே அழைப்பார்கள். அந்த ஜாவா மாணவர்களுக்கு இவர்கள் மக்காவில் பாடம் நடத்தினார்கள்.

அங்கேயே இருந்திருந்தால் ஹரமில் பெரிய ஷெய்காகப் புகழோடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஊர் திரும்பினார்கள். அதைப் பற்றி ஸமாராங் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. கிரிகுஸுமோ ஊரைச் சேர்ந்த கியாய் ஹாதி என்பவர் மக்காவில் இவர்களைச் சந்தித்து, ஜாவா மக்களுக்கு உம்மைப் போன்றவர் வேண்டும் என்று மன்றாடினாராம். மக்காவின் அனுமதியில்லாமல் ரகசியமாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டும் வந்துவிட்டாராம். வழியில் விஷயம் வெளிப்பட்டுப் பிடிபட, சிங்கப்பூரில் இருந்த ஜாவா மாணவர்கள் பணம் திரட்டி அபராதம் கட்டி மீட்டார்களாம். ஓர் ஊரார் தங்கள் ஆலிமைத் திருடிக் கொண்டு வந்தோம் என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறார்கள். ஆலிமின் மதிப்பை அவர்கள் எப்படி எடை போட்டார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

தாரத்

ஸமாராங் அப்போது டச்சுக்காரரின் பெரிய துறைமுக நகரம். ஜாவாவின் முதல் ரயில் பாதை 1867-இல் அங்கேதான் திறக்கப்பட்டது. சர்க்கரை, காப்பி, புகையிலை எல்லாம் அத்துறைமுகம் வழியே ஏறும். கடற்கரையை ஒட்டிய கம்போங் மெலாயுவில் மலாய்க்காரரும் அரபிகளும் பஞ்சார் மக்களும் இந்திய முஸ்லிம் வணிகர்களும் கலந்து வாழ்ந்தார்கள். இந்திய முஸ்லிம்களை அங்கே ‘கோஜா’ என்பார்கள். அவர்கள் பெயரால் பெகோஜான் என்ற தெருவே ஸமாராங்கில் இருக்கிறது. கடல் கடந்து வருவோர் கரையேறும் இடமாதலால் கம்போங் மெலாயுவின் ஒரு பகுதிக்குத் தாரத், அதாவது தரை, என்று பெயர். அந்தத் தாரத்தில்தான் ஸாலிஹ் அவர்கள் பள்ளியும் மத்ரஸாவும் நடத்தினார்கள். துறைமுகம், வியாபாரிகள், பல மொழிகள், நடுவில் ஒரு பள்ளிவாசல்: நம் ஜார்ஜ் டவுனை அறிந்தவருக்கு அந்த ஊரைக் கண் முன் நிறுத்திப் பார்ப்பது கடினமன்று.

அங்கே அவர்கள் கண்டது என்ன? மக்கள் தொழுகிறார்கள், நோன்பு நோற்கிறார்கள். ஆனால் எதை ஓதுகிறோம் என்பது தெரியாது. ஃபர்ளு எது, சுன்னத்து எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அறுவடை முடிந்ததும் ஊரைக் காக்கும் ஆவிக்குப் படையல் வைக்கிறார்கள். அது தீனுக்கு மாறானது என்று எடுத்துச் சொல்லும் கிதாபுகள் அனைத்தும் அரபியில் இருக்கின்றன. அரபி தெரிந்த சிலர் தங்களுக்குள் ஓதிக் கொள்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் அந்த வாசல் மூடிக் கிடந்தது. அதைத் திறப்பதே அவர்கள் வாழ்நாள் வேலையாயிற்று.

பெகோன் எழுத்து

அதற்கு அவர்கள் எடுத்த கருவி ஜாவா மொழி. எழுத்து மட்டும் அரபி எழுத்து. இதற்குப் ‘பெகோன்’ என்று பெயர். நாம் அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் சொல்கிறோமே, அதே ஏற்பாடு. அரபியில் இல்லாத ஒலிகளுக்கு அரபி எழுத்தின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்து உண்டாக்கிக் கொள்வார்கள். ‘ஐன்’ எழுத்துக்கு மூன்று புள்ளி வைத்தால் ‘ங’. ‘ஃபே’ எழுத்துக்கு மூன்று புள்ளி வைத்தால் ‘ப’. ஜாவா மொழியில் நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட’ ஒலி உண்டு. அது மலாயில் இல்லை, நம் தமிழில் இருக்கிறது. அதற்கும் தனி எழுத்துச் செய்து கொண்டார்கள். ஸேர், ஸபர், பேஷ் குறிகளையும் பெரும்பாலும் விடாமல் போடுவார்கள். ஆகையால் குர்ஆன் ஓதப் பழகிய எவரும் பெகோன் கிதாபைப் படித்துவிடலாம். தனியே பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

பெகோன் இவர்கள் உண்டாக்கியதன்று. அதற்கு நெடுநாள் முன்பே அது வழக்கத்தில் இருந்தது. இளவரசர் திப்போநெகோரோ நாடு கடத்தப்பட்ட பின் தம் சரித்திரத்தைப் பெகோனிலேயே எழுதுவித்தார். ஆனால் பாமர மக்களுக்கென்றே வரிசையாகக் கிதாபுகள் எழுதி, அவற்றை அச்சிலும் ஏற்றியவர்களில் ஸாலிஹ் தாரத் அவர்கள் முன்னணியில் நிற்கிறார்கள்.

ஜாவா மத்ரஸாக்களில் பாடம் சொல்லும் முறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். உஸ்தாது அரபி வாக்கியத்தை ஓதி, சொல்லுக்குச் சொல் ஜாவா பொருள் கூறுவார். மாணவர்கள் அரபி வரியின் கீழே சாய்வாகச் சிறிய எழுத்தில் அதை எழுதிக் கொள்வார்கள். வரியிலிருந்து பொருள் தொங்குவது போல் இருப்பதால் அதற்குத் ‘தொங்கும் பொருள்’ என்றே பெயர். எழுவாய்க்கு முன் ‘உதாவி’ என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். பயனிலைக்கு முன் ‘இக்கு’ என்று சேர்ப்பார்கள். செயப்படுபொருளுக்கு முன் ‘இங்’ வரும். ஆகவே பொருள் எழுதும்போதே நஹ்வு இலக்கணமும் மனத்தில் பதிந்துவிடும். நம் ஊர் உஸ்தாதுகள் சொல்லுக்குச் சொல் தமிழில் பொருள் சொல்லி நமக்கு ஓதிக் கொடுத்ததும் ஏறக்குறைய இப்படித்தான். அந்தத் தமிழ் கடைத்தெருத் தமிழ் போல் இராது, ஆனால் நெஞ்சை விட்டுப் போகவும் போகாது.

எழுதிய கிதாபுகள்

மஜ்மூஅத்துஷ் ஷரீஅத்தில் காஃபியா லில் அவாம் என்பது அவர்கள் எழுதிய ஃபிக்ஹுக் கிதாபு. பாமரருக்குப் போதுமான ஷரீஅத்துத் திரட்டு என்பது அப்பெயரின் கருத்து. பெயரிலேயே யாருக்காக எழுதினார்கள் என்பது விளங்கிவிடுகிறது. தொழுகை, நோன்பு, ஹஜ்ஜு மட்டுமல்லாமல் வாங்கல் விற்றல், திருமணம் ஆகிய சட்டங்களும் அதில் உள்ளன. அறுவடைப் படையலையும், டச்சுக்காரரைப் பார்த்து உடையில் அவர்களைப் போல் ஆகிவிடுவதையும் அதில் கண்டித்திருக்கிறார்கள். தொழுகைக்கென்று ‘பஸொலாத்தான்’ என்ற சிறு கிதாபு. ஹஜ்ஜுக்கு ஒன்று. அகீதாவில் ஜவ்ஹரத்துத் தவ்ஹீதுக்கு விரிவுரையாக ஸபீலுல் அபீத். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவிலிருந்து எடுத்து முன்ஜியாத். இப்னு அதாயில்லாஹ் (ரஹ்) அவர்களின் ஹிகமைச் சுருக்கி ஜாவாவில் ஒன்று. இப்படிப் பல.

எல்லாம் அவ்வட்டாரத்து மக்கள் பேசும் எளிய மொழியில் எழுதப்பட்டவை. அரண்மனைப் புலவர்களின் அலங்கார நடை அவற்றில் இல்லை. தாமும் அரபி தெரியாத ஜாவா மக்களில் ஒருவரே என்று முன்னுரைகளில் தம்மைத் தாழ்த்திச் சொல்லிக் கொள்வார்கள். மக்காவில் பாடம் நடத்தியவர் இப்படிச் சொல்வதைப் பார்க்கும்போது, அவர்கள் யாரோடு அமர்ந்து பேச விரும்பினார்கள் என்பது புரிகிறது.

இக்கிதாபுகள் சிங்கப்பூரிலும் பம்பாயிலும் அச்சாயின. சிங்கப்பூர் என்றதும் நமக்கு ஒன்று நினைவு வருகிறது. முஹம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872-இல் அங்கேதான் அச்சாயிற்று. மகுதூம் சாயபு அவர்களின் ‘சிங்கை நேசன்’ பத்திரிகை 1887 முதல் 1890 வரை அங்கேதான் வெளிவந்தது. ஒரே ஊரில், ஒரே காலத்தில், தமிழ் முஸ்லிம்களும் ஜாவா முஸ்லிம்களும் தத்தம் மொழியை அச்சேற்றிக் கொண்டிருந்தார்கள்.

குர்ஆன் விரிவுரை

அவர்கள் பணிகளில் தலையாயது ஃபைளுர் ரஹ்மான் என்ற தஃப்சீர். ஹிஜ்ரி 1309 ரஜபு மாதம், அதாவது 1892-இல், இதைத் தொடங்கினார்கள். முதல் பாகம் அதே ஆண்டின் இறுதியில் முடிந்து 1893-இல் சிங்கப்பூரில் ஹாஜி முஹம்மது அமீன் அச்சகத்தில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அதற்கடுத்து வந்தது. ஃபாத்திஹா, பகரா, ஆல இம்ரான், நிஸா ஆகிய நான்கு சூராக்களுக்கு ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரிவுரை. பெகோன் எழுத்தில் அச்சான ஜாவா தஃப்சீர்களில் இதை முதலாவதாகச் சொல்கிறார்கள். ஆயத்தை எழுதி, ஜாவாவில் பொருள் சொல்லி, பிறகு ஜலாலைன், பைளாவி, காஸின் முதலிய தஃப்சீர்களைத் தழுவி விளக்கம் தருவார்கள். பல இடங்களில் வெளிப்பொருளுக்குப் பின் கஸ்ஸாலி இமாமின் வழியில் உட்பொருளையும் தொட்டுக் காட்டுவார்கள். மேற்கொண்டு உள்ள சூராக்களுக்கு அவர்கள் எழுத்து நீளவில்லை.

கார்த்தினி அம்மையார்

இந்தத் தஃப்சீரோடு ராடன் அஜெங் கார்த்தினி அம்மையாரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். பெண் கல்விக்காகப் பாடுபட்ட அவ்வம்மையாரை இந்தோனேசியா முழுதும் போற்றுகிறது. அவரும் 1879-இல் அதே மாயோங்கில் பிறந்தவரே. தெமாக் நகரில் சிற்றப்பா வீட்டில் நடந்த கூட்டத்தில் ஸாலிஹ் தாரத் அவர்கள் ஃபாத்திஹாவுக்கு ஜாவாவில் விளக்கம் சொன்னதைக் கேட்டு அவர் உருகிப் போனாராம். குர்ஆன் முழுவதையும் ஜாவாவில் தர வேண்டுமென்று வேண்டினாராம். அதனால்தான் தஃப்சீர் பிறந்ததாம்.

இக்கதை இனிமையானது. ஆயினும் ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. தஃப்சீர் தொடங்கிய 1892-இல் அம்மையாருக்கு வயது 12. அச்சில் வந்த அவர் கடிதங்களில் இப்பெரியாரின் பெயரும் இல்லை. ஒருவேளை இருவரும் பின்னர் சந்தித்திருக்கலாம். ஆனால் தஃப்சீருக்குக் காரணம் ஒரு பிரபு வீட்டுப் பெண்ணின் வேண்டுகோள் என்று கொள்வதைவிட, பெயர் தெரியாத எத்தனையோ பாமரரின் தேவை என்று கொள்வதே பொருத்தம். அம்மையாரின் கடிதங்களில் ஒன்று மட்டும் நிச்சயம். பொருள் தெரியாமல் குர்ஆனை ஓதக் கற்பித்தார்கள் என்று 1899-இல் அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சான மருந்து பக்கத்து ஊரில் இருந்தும், அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது போய்ச் சேரவில்லை. எழுதினால் மட்டும் போதாது, வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பவரும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாணவர்களும் வஃபாத்தும்

அவர்களிடம் ஓதியோர் பட்டியல் நீளமானது. மக்காவின் ஹரமில் பாடம் நடத்திப் புகழ்பெற்ற ஷெய்கு மஹ்ஃபூள் தர்மஸீ (1868–1920) அவர்களில் ஒருவர். 1912-இல் முஹம்மதிய்யா இயக்கத்தைத் தோற்றுவித்த கியாய் அஹ்மது தஹ்லானும், 1926-இல் நஹ்லத்துல் உலமாவைத் தோற்றுவித்தவர்களில் தலைமையானவரான கியாய் ஹாஷிம் அஷ்அரியும் இவர்களிடம் ஓதியதாக இரு சாராரும் சொல்லிக் கொள்கிறார்கள். இந்தோனேசியாவின் இரு பெரும் முஸ்லிம் இயக்கங்கள் அவை. பல மஸ்அலாக்களில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எங்கள் பெரியவர் ஸாலிஹ் தாரத்திடம் ஓதியவர் என்று சொல்வதில் மட்டும் இருவரும் போட்டி போடுகிறார்கள்.

ஹிஜ்ரி 1321 ரமலான் பிறை 28, அதாவது 1903 டிசம்பர் 18 அன்று அவர்கள் ஸமாராங்கில் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பெர்கோத்தா மையவாடியில் அடங்கியிருக்கிறார்கள். ரமலான் கடைசியில் கந்தூரி வைப்பது சிரமமாதலால் ஷவ்வால் பிறை 10-இல் ஆண்டுதோறும் அங்கே மக்கள் கூடி ஜியாரத்துச் செய்கிறார்கள்.

இதே காலத்தில் கீழக்கரையில் வாழ்ந்தவர்களே இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள். 1816-இல் பிறந்து 1898-இல் மறைந்தார்கள். ஒரே காலத்தார் இருவரும். இவர்கள் பெகோனில் மஜ்மூஅத்து எழுதினார்கள். அவர்கள் அரபுத்தமிழில் மகானி எழுதினார்கள். ஒருவரையொருவர் கண்டதாகச் செய்தியில்லை. ஆனால் இரு கரையிலும் ஒரே பசி, ஒரே சமையல்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பொருள் தெரியாமல் வழக்கத்தை மட்டும் பிடித்துக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா மக்களிடமிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம். 1890 முதல் 1939 வரை டச்சுக்காரர் ஏறத்தாழ 33,000 ஜாவா மக்களைத் தென் அமெரிக்காவிலுள்ள சூரினாமுக்குத் தோட்ட வேலைக்கு ஏற்றிச் சென்றார்கள். ஜாவாவிலிருந்து பார்த்தால் கஅபா மேற்கே இருக்கிறது. சூரினாமிலிருந்து பார்த்தால் கிழக்கே இருக்கிறது. ஆனால் சென்றவர்கள் ஊரில் செய்தது போலவே மேற்கு நோக்கித் தொழுதார்கள். பின்னாளில் சிலர் கிழக்கே திரும்பியபோது சமூகமே மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிந்தது. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. கடல் கடந்த ஏழைக் கூலிகள், பெற்றோர் காட்டிய திசையை மறக்காமல் காப்பாற்றினார்கள். ஆயினும், ஏன் அந்தத் திசை என்பதை அவர்கள் மொழியில் சொல்லிக் கொடுக்க ஒரு ஸாலிஹ் தாரத் அங்கே இருந்திருந்தால் அந்தப் பிளவு வந்திருக்குமா?

நம் மலேசியாவிலும் ஜொகூர், சிலாங்கூர், பேராக் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறிய ஜாவா மக்கள் ஏராளம். அவர்கள் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று மலாய் மட்டுமே பேசுகிறார்கள். தீன் இருக்கிறது, மொழி போய்விட்டது. தாத்தா வைத்துச் சென்ற பெகோன் கிதாபை அவர்களால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியும். ஆனால் விளங்காது. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளின் நிலை என்ன? வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் விளங்கவில்லை. தமிழ் விளங்கும் பிள்ளைக்கு அந்த எழுத்து வாசிக்க வரவில்லை.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு மலாய் நன்றாக விளங்குகிறது. மலாயில் வேண்டிய கிதாபுகள் இருக்கின்றன. தெரிந்த மொழியில் தீனைச் சொல் என்பதுதானே ஸாலிஹ் தாரத் அவர்களின் வழி? அப்படியானால் தமிழ் எதற்கு? இது நியாயமான கேள்வி. இதை நாம் தட்டிக் கழிக்கக் கூடாது. தமிழ் விளங்காத பிள்ளையை உட்கார வைத்துத் தமிழில் பாடம் நடத்தினால் அது அப்பெரியாரின் வழிக்கு நேர் விரோதம். அந்தப் பிள்ளைக்கு மலாயில்தான் சொல்ல வேண்டும், ஐயமில்லை.

ஆனால் நாம் திருப்பிக் கேட்பது வேறு. பிள்ளைக்குத் தமிழ் விளங்காமல் போனது யாரால்? பிள்ளையின் காய்ச்சலுக்கு உம்மா தமிழில் துஆச் செய்கிறாள். பெருநாள் சமையலைத் தமிழில் பேசுகிறோம். கடையில் கணக்கைத் தமிழில் பேசுகிறோம். தீனைப் பற்றியும் ஹலால் ஹராமைப் பற்றியும் மவுத்தைப் பற்றியும் பேச வரும்போது மட்டும் அதற்குத் தமிழ் போதாது என்று வேறு இடத்துக்கு அனுப்பி விடுகிறோம். வாழ்க்கையின் கனமான விஷயங்களைப் பேசாத மொழி, இரண்டு தலைமுறையில் சமையலறைக்குள்ளும் இராது. ஸாலிஹ் தாரத் அவர்கள் ஜாவா மொழியைக் காப்பாற்றவென்று எழுதவில்லை, தீனைச் சொல்லவே எழுதினார்கள். ஆனால் மிகக் கனமான விஷயத்தை அம்மொழியின் தலையில் ஏற்றியதால் அம்மொழியும் மதிப்புப் பெற்றது. இன்றும் ஜாவாவின் பழைய மத்ரஸாக்களில் அந்தத் தொங்கும் பொருளைக் காணலாம்.

ஆகையால் சகோதரர்களே, பெரிய திட்டம் எதுவும் நாம் சொல்லவில்லை. வீட்டில் வாரம் ஒரு நாள், இஷாவுக்குப் பின் கால் மணி நேரம், பிள்ளைகள் தொழுகையில் ஓதும் ஒரு சிறு சூராவுக்குத் தமிழில் பொருள் சொல்லுங்கள். மலாயும் தெரிந்த பிள்ளை மலாயில் கேள்வி கேட்டால் மலாயிலேயே பதில் சொல்லுங்கள், பிறகு அதையே தமிழிலும் சொல்லுங்கள். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே ஒரு சிலரே இருக்கிறார்கள். அவர்கள் உள்ளபோதே, உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் கிதாபை எடுத்து வந்து அவர்கள் முன் வைத்துப் பிள்ளைகளை வாசிக்கச் செய்யுங்கள். நமது சங்கம் விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பாய் விரிக்கவும் தேநீருக்கும் நம் போன்ற கடைக்காரர்கள் இருக்கிறோம்.

அல்லாஹுத் தஆலா ஷெய்கு ஸாலிஹ் தாரத் (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளிமயமாக்கி, நம் பிள்ளைகளுக்கு விளங்கி ஓதும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.